"நீங்களா எழுதித் தந்திட்டுப் போயிருங்க": கட்டாய ராஜினாமாவும் வராத சம்பளமும்

"நாங்க அனுப்புனதா இருந்தா உங்களுக்குத்தான் கெட்ட பேரு. நீங்களா எழுதித் தந்திட்டுப் போயிருங்க."

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ பள்ளிக்கூடத்திலோ வேலை பார்த்தவர்களில் பலர் இதை ஏதாவது ஒரு வடிவில் கேட்டிருப்பார்கள். குரல் பெரும்பாலும் கனிவாகவே இருக்கும். மேனேஜர் அறையில் உட்காரச் சொல்வார்கள், சில நேரம் டீ கூட வரும். மேசையில் ஏற்கெனவே டைப் அடித்த ஒரு தாள் இருக்கும். அதில் "சொந்தக் காரணங்களுக்காக" என்ற சொல் தவறாமல் இருக்கும்.

என் சித்தி மகள் ஒருத்தி நாகர்கோவிலில் ஒரு துணிக்கடையில் பில் போடும் பிரிவில் ஆறு வருடம் இருந்தாள். ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு அவளையும் கூட இருந்த நாலு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. "ஓணம் கழிஞ்சு கணக்குத் தீர்த்துத் தாரோம்" என்றார்களாம். ஓணம் போனது, தீபாவளியும் போனது. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்தபோதுதான் என்னிடம் சொன்னாள். "நானே எழுதித் தந்துட்டேனேண்ணே, இனி என்னத்த கேக்க?"

கேட்கலாம், நிறையவே கேட்கலாம். ஆனால் அந்த நாலு மாதக் காத்திருப்பில் அவள் கையில் இருந்த ஒரு நல்ல வழி நழுவிப் போயிருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில், முதலாளிகள் ஏன் ராஜினாமாக் கடிதத்துக்கு இவ்வளவு ஆசைப்படுகிறார்கள் என்று பார்ப்போம். அவளுடைய சம்பளம், அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து, 13,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆள் அதிகம் என்று நிர்வாகமே அவளை நிறுத்தினால் அதற்குப் பெயர் ஆட்குறைப்பு. ஒரு வருடத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும், இல்லாவிட்டால் அந்த மாதச் சம்பளத்தைத் தர வேண்டும். அதோடு முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் 25எஃப் பிரிவில் சொன்னது இது. புதிய தொழில் உறவுச் சட்டத்தொகுப்பும் 70ஆம் பிரிவில் இதையே சொல்கிறது. கணக்குப் போட்டால் நோட்டீஸ் சம்பளம் 13,000, இழப்பீடு 39,000, ஆக 52,000 ரூபாய். அவளே விலகிப்போனதாகத் தாளில் இருந்தால் இந்த 52,000 பூஜ்யம். அஞ்சு பேருக்குப் பெருக்கிப் பாருங்கள், அந்த டீ எதற்கு வந்தது என்பது புரியும்.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் இரண்டு கணக்கைக் குழப்பிக்கொள்கிறார்கள். ராஜினாமாக் கடிதம் ஆட்குறைப்புப் பணத்தை அடிக்கும், வேலையைத் திரும்பக் கேட்கும் உரிமையைச் சிக்கலாக்கும். ஆனால் வேலை செய்த நாட்களின் சம்பளத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. கிராஜுவிட்டி எனும் பணிக்கொடையும் அப்படித்தான். பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவர், தானே விலகினாலும் கிராஜுவிட்டிக்கு உரியவர். மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருடக் கணக்கால் பெருக்க வேண்டும். அவளுக்கு அது 45,000 ரூபாய். அவள் இதைக் கேட்கவே இல்லை. கிராஜுவிட்டி என்பது அரசு உத்தியோகத்துக்கு மட்டும் என்று நினைத்திருந்தாள்.

சம்பளப் பாக்கிக்கு இப்போது இருக்கும் சட்டம் 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்தொகுப்பு. மற்ற மூன்று தொழிலாளர் தொகுப்புகளோடு இது 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்த நான்கையும் பற்றித் தொழிற்சங்கங்களுக்குக் கடுமையான விமர்சனங்கள் உண்டு, அவற்றில் பலவற்றோடு எனக்கும் உடன்பாடுதான். ஆனால் சம்பள பாக்கி விஷயத்தில் சில இடங்களில் தொழிலாளியின் கை பலப்பட்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

பழைய 1936ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டம் மாதம் 24,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கு மட்டும்தான் இருந்தது. புதிய தொகுப்பில் அந்த உச்சவரம்பு இல்லை, மேற்பார்வையாளரும் மேனேஜரும் கூட அதற்குள் வருகிறார்கள். பழைய சட்டம் முதலாளி வேலையை விட்டு நிறுத்தினால் இரண்டாம் வேலை நாளுக்குள் கணக்குத் தீர்க்கச் சொன்னது. புதிய 17ஆம் பிரிவு ராஜினாமா செய்தவரையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது, அவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். ஆக "ஓணம் கழிஞ்சு" என்பதற்கு இனி சட்டத்தில் இடம் இல்லை. உரிமைகோரும் மனு போட முன்பு 12 மாதம்தான் அவகாசம், இப்போது மூன்று வருடம். பாக்கியோடு சேர்த்து அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க மனுவை விசாரிக்கும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. பத்து மடங்கு என்பது உச்சவரம்புதான், அவ்வளவும் கிடைத்துவிடும் என்று யாரும் மனக்கோட்டை கட்ட வேண்டாம்.

எனக்கு முக்கியமாகத் தோன்றுவது 59ஆம் பிரிவு. சம்பளம் வரவில்லை என்று நீங்கள் மனுப் போட்டால், கொடுத்தாயிற்று என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு முதலாளியுடையது. ரொக்கமாகக் கொடுத்தோம் என்று வாயால் சொல்வது போதாது. அடுத்த 60ஆம் பிரிவும் இதற்குத் துணை. சம்பள உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய ஒப்பந்தம் செல்லாது. "எனக்கு இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்திருந்தாலும் உண்மையில் பாக்கி இருந்தால் கேட்கலாம்.

இனி கடினமான பக்கம். "என் விருப்பத்தில் எழுதவில்லை, எழுத வைத்தார்கள்" என்பதை எப்படி நிலைநாட்டுவது?

ஒப்பந்தச் சட்டப்படி மிரட்டியோ, தகாத செல்வாக்கைப் பயன்படுத்தியோ வாங்கிய சம்மதம் சம்மதமே அல்ல, பாதிக்கப்பட்டவர் அதை ரத்துச் செய்யலாம். அப்படி வாங்கிய ராஜினாமாவை நீதிமன்றங்கள் மறைமுகமான பணிநீக்கமாகவே பார்க்கின்றன. சிக்கல் என்னவென்றால், கட்டாயப்படுத்தினார்கள் என்பதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். சம்பளப் பாக்கி விஷயத்தில் முதலாளியின் தலையில் இருந்த சுமை இங்கே உங்கள் தலைக்கு மாறிவிடுகிறது.

நாலு சுவருக்குள் நடந்ததற்குச் சாட்சி ஏது? ஆனால் சூழ்நிலை பேசும். அஞ்சு பேர் ஒரே நாளில், ஒரே வாசகத்தில், ஒரே பிரிண்டரில் எடுத்த தாளில் "சொந்தக் காரணங்களுக்காக" விலகினார்கள் என்றால் யார் நம்புவார்? ஆங்கிலத்தில் நாலு வரி எழுதத் தெரியாத ஒருவரின் ராஜினாமா சுத்தமான ஆங்கிலத்தில் இருந்தால் அதுவும் ஒரு கேள்வி. கொடுத்த பத்து நிமிடத்தில் ஏற்றுக்கொண்ட கடிதமும் தயாராக இருந்ததா, வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருப்பவர் வேறு வேலை எதுவும் இல்லாமல் திடீரென்று ஏன் விலகினார், அன்று மாலையே யாரிடம் என்ன சொன்னார் என்றெல்லாம் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் விட ஒன்று கட்டாயம் பார்ப்பார்கள். எப்போது எதிர்ப்புத் தெரிவித்தீர்கள்? மறுநாளா, நாலு மாதம் கழித்தா? நாலு மாதம் சும்மா இருந்துவிட்டு மிரட்டினார்கள் என்று சொன்னால், யோசித்துச் சொல்கிற பேச்சாகத்தான் அது தெரியும்.

ஆகவே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்று ராத்திரியே, மிஞ்சிப்போனால் மறுநாளே, ஒரு கடிதம் போக வேண்டும். இலக்கணமெல்லாம் தேவையில்லை. "இன்ன தேதியில் இன்ன நேரத்தில் என்னை அறைக்கு அழைத்து, எழுதித் தராவிட்டால் சம்பளமும் சர்டிபிகேட்டும் தரமாட்டோம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினீர்கள். அது என் விருப்பத்தில் கொடுத்தது அல்ல, அதை நான் திரும்பப் பெறுகிறேன். வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன்." இவ்வளவு போதும். மின்னஞ்சலிலும் வாட்ஸாப்பிலும் அனுப்புங்கள். தபாலிலும் போடுங்கள். பதிவுத் தபால் இப்போது ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது, டெலிவரி ஆனதற்கான அத்தாட்சியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி வரியை விட்டுவிட வேண்டாம். கொஞ்ச நாள் கழித்து "அவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார், வேலையைக் கைவிட்டார்" என்று ஒரு வாதம் வரும். கைவிடுவது என்பது மனதில் இருந்த எண்ணத்தைப் பொறுத்தது என்று உச்ச நீதிமன்றம் 1979இல் ஜி.டி. லாட் வழக்கில் சொல்லியிருக்கிறது. வரத் தயார் என்று எழுதியவர் கைவிட்டவர் ஆகமாட்டார்.

மிரட்டலை நிரூபிக்க முடியாவிட்டாலும் ராஜினாமாவைத் திரும்பப் பெறும் வழி தனியாக உண்டு. அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி சதீஷ் சந்திரா 1977 மே மாதம் குடியரசுத் தலைவருக்கு ராஜினாமாக் கடிதம் அனுப்பினார், ஆகஸ்ட் 1 முதல் விலகுவதாக. ஜூலையில் மனம் மாறித் திரும்பப் பெற்றார். அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1978இல் தீர்ப்பளித்தது. வருங்காலத் தேதி போட்ட ராஜினாமா, அந்தத் தேதி வரும்வரை எழுதியவர் கையில்தான் இருக்கிறது. நீதிபதிக்கு உள்ள அந்த நியாயம் மற்றவர்களுக்கும் வந்து சேர்ந்தது. 2024 செப்டம்பரில் கொங்கண் ரயில்வே ஊழியர் ஒருவரின் வழக்கிலும் அதே திசையில்தான் தீர்ப்பு. ராஜினாமாவை ஏற்றுக்கொண்டதாக நிர்வாகம் காட்டிய கடிதம் அலுவலகத்துக்குள்ளேயே சுற்றியது, அவருக்கு வந்து சேரவில்லை. அதற்குள் அவர் திரும்பப் பெற்றுவிட்டார். நீதிமன்றம் அவரை வேலையில் சேர்க்கச் சொன்னது. எனவே உங்கள் தாளில் "இன்ன தேதியிலிருந்து" என்று ஒரு மாதம் தள்ளிப் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அது உங்களுக்கு அதிர்ஷ்டம்.

சரி, எங்கே போவது? இது நீங்கள் யார் என்பதைப் பொறுத்தது.

துணிக்கடை, நகைக்கடை, ஹோட்டல், தனியார் அலுவலகம் போன்ற இடங்களில் ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவர்களுக்கு 1947ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவு இருக்கிறது. தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீசும் இல்லாமல் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். நம் ஊரில் அதிகம் பேருக்குத் தெரியாத நல்ல பிரிவு இது. ஆனால் முப்பது நாளுக்குள் போக வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் சொல்லி மன்னிக்கக் கேட்கலாம், அதற்கு உத்தரவாதம் இல்லை. என் தங்கைக்கு நழுவிப்போன வழி இதுதான். ஓணத்தை நம்பி இருந்ததில் முப்பது நாளும் போயிற்று.

அடுத்தது சமரச வழி. நாகர்கோவிலில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் பணிநீக்கத் தகராறாக மனுக் கொடுக்கலாம். சங்கம் இல்லாமல் தனி ஆளாகவே கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. அதிகாரி இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார். முதலாளி முதல் இரண்டு தேதிக்கு வராமல் இருப்பது வழக்கம், மனம் தளர வேண்டாம். 45 நாளில் முடியாவிட்டால் வழக்கு அடுத்த படிக்குப் போகும். நம் மாவட்டத்துக்காரர்கள் இதற்கு இதுவரை திருநெல்வேலித் தொழிலாளர் நீதிமன்றத்துக்குத்தான் பஸ் ஏறி வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும் என்பதை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய தொழில் தகராறுச் சட்டத்தில் நேரடியாக நீதிமன்றம் போக மூன்று வருட அவகாசம் இருந்தது. புதிய தொழில் உறவுத் தொகுப்பில் தகராறு தோன்றி இரண்டு வருடம் தாண்டினால் சமரசமே பேச முடியாது, சமரச அறிக்கை வந்தபின் 90 நாளுக்குள் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். ஒரு சட்டம் போய் இன்னொன்று வரும் காலம் இது. மனுவில் பழைய பிரிவு, புதிய பிரிவு இரண்டையும் குறிப்பிடுவது நல்லது.

இந்த வழி "தொழிலாளி" என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கு மட்டும். கிளார்க், பில் போடுபவர், டிரைவர், நர்ஸ், லேப் டெக்னீஷியன், அண்டியாபீசில் (முந்திரி ஆலையில்) பருப்பு எடுப்பவர், ரப்பர் பால்வெட்டுபவர் எல்லாரும் வருவார்கள். மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரும் நிர்வாக அதிகாரம் உள்ளவரும் வரமாட்டார்கள். "மேனேஜர்" என்று அடையாள அட்டையில் போட்டுவிட்டதால் மட்டும் ஒருவர் மேனேஜர் ஆகிவிடுவதில்லை, என்ன வேலை செய்தார் என்பதே கணக்கு. அண்டியாபீஸ் பெண்களின் கதை இன்னும் வேறு. அங்கே யாரும் ராஜினாமா கேட்பதே இல்லை. "கொட்டை வரட்டும், சொல்லி அனுப்புறோம்" என்பதோடு சரி, அந்தச் சொல் வருடக்கணக்கில் வராது. அவர்களும் மேலே சொன்ன அதே மனுவைக் கொடுக்கலாம், கிராஜுவிட்டியும் கேட்கலாம்.

ஆசிரியர்கள் நிலைமை சங்கடமானது. கோவாவில் ஒரு பள்ளியில் வேலை இழந்த சுந்தராம்பாள் என்ற ஆசிரியையின் வழக்கில், ஆசிரியர் "தொழிலாளி" அல்ல என்று 1988இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்ப் பெயர் கொண்ட அந்த ஒரு வழக்கு நாடு முழுக்க ஆசிரியர்களுக்குத் தொழிலாளர் நீதிமன்றக் கதவைச் சாத்தியது. நம் மாவட்டத்தில் தெருவுக்கு ஒரு மெட்ரிக் பள்ளி, சந்திப்புக்கு ஒரு இன்ஜினியரிங் கல்லூரி. மாணவர் சேர்க்கை குறைந்தால் முதல் அடி ஆசிரியர் சம்பளத்தில்தான் விழும். பணிநீக்கத்துக்கு அவர்கள் தனியார் பள்ளிகள், தனியார் கல்லூரிகளுக்கான தமிழ்நாட்டுச் சட்டங்களின் கீழ் மேல்முறையீடு செய்ய வேண்டும். ஆனால் சம்பளப் பாக்கிக்கு இப்போது வேறு வழி திறந்திருக்கிறது என்பது என் வாசிப்பு. ஊதியத் தொகுப்பில் "பணியாளர்" என்பதன் வரையறை மேற்பார்வை, நிர்வாகம், தொழில்நுட்பம், எழுத்தர் வேலை என்று விரிவாக அடுக்கிக்கொண்டே போகிறது. பாடம் நடத்துவதும் அதற்குள் வரும் என்று வாதிடலாம், ஆனால் அது உறுதியானது இல்லை. கிராஜுவிட்டியில் அந்தச் சந்தேகமே இல்லை, 2009ஆம் ஆண்டுத் திருத்தம் தனியார் பள்ளி ஆசிரியரையும் சேர்த்துவிட்டது, 2022இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

சர்டிபிகேட் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். சேரும்போதே அசல் சான்றிதழ்களை வாங்கி அலமாரியில் பூட்டிவைக்கும் பழக்கம் நர்சுகளுக்கும் ஆசிரியர்களுக்கும் நன்றாகத் தெரியும். சான்றிதழ் விற்கிற வாங்குகிற சரக்கு அல்ல, பாக்கிக்காக அதைப் பிடித்து வைக்கும் உரிமையைக் கோர முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இத்தனை காலம் வேலை பார்ப்பேன் என்று பாண்டு எழுதித் தந்திருந்தாலும், நிர்வாகம் பணம் கோரி வழக்குப் போடலாமே தவிரச் சான்றிதழைப் பிடித்து வைக்க முடியாது. அந்தப் பணமும் நீதிமன்றம் நியாயமெனக் கருதும் தொகை அளவுக்குத்தான்.

தொழிலாளி வரையறைக்குள் வராத மேனேஜர்களுக்குச் சிவில் நீதிமன்றம் உண்டு, மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். வேலையைத் திரும்பத் தரச் சொல்லிச் சிவில் நீதிமன்றம் பொதுவாக உத்தரவிடாது, பாக்கியும் நஷ்டஈடும்தான் கேட்க முடியும். அறையைப் பூட்டி வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள், அடிப்பதாக மிரட்டினார்கள் என்றால் அது குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 127, 351ஆம் பிரிவுகளின் கீழ் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். வெறும் சம்பளப் பாக்கிக்காக ஸ்டேஷன் போவதால் பெரிய பலன் இருப்பதில்லை, "லேபர் ஆபீசுக்குப் போங்க" என்பார்கள். ஒரே ஒரு விதிவிலக்கு. சம்பளத்தில் பிஎஃப் பிடித்தம் செய்துவிட்டுக் கட்டாமல் விட்டிருந்தால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம். பாஸ்புக்கைத் திறந்து மாதவாரியாகப் பாருங்கள். விட்டுப்போன மாதங்கள் இருந்தால் நாகர்கோவில் பிஎஃப் அலுவலகத்தில் தனியாக ஒரு புகார் கொடுங்கள். பேச்சுவார்த்தைக்கே வராத முதலாளிகளை இந்த ஒரு புகார் வரவைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

வேலை நியமன ஆர்டர் தரவில்லையே, சம்பளச் சீட்டு தரவில்லையே என்று பயப்படுபவர்களுக்கு: வங்கிக் கணக்கில் வந்த வரவு, ஈஎஸ்ஐ அட்டை, பிஎஃப் எண், வேலை ஒதுக்கிய வாட்ஸாப் குரூப், யூனிஃபார்மோடு எடுத்த போட்டோ, வருகைப் பதிவேட்டின் படம் எல்லாமே சான்றுதான். குரூப்பிலிருந்து நீக்குவதற்கு முன்பே எல்லாவற்றையும் வேறு ஒருவருக்கு அனுப்பி வைத்துவிடுங்கள். போனை மாற்றிவிடாதீர்கள்.

வக்கீல் செலவுக்குப் பயந்து வீட்டிலிருப்பவர்கள் நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி தருகிறது. வளைகுடாவில் சம்பளம் நின்று ஊர் திரும்பியவர்களுக்கு இந்தச் சட்டங்கள் எதுவும் நேரடியாக உதவாது, அங்குள்ள நாட்டின் சட்டமே செல்லும். விமானம் ஏறும் முன்பே தூதரகத்தில் புகாரைப் பதிந்து, அங்கே இருக்கும் நம்பகமான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வருவது முக்கியம். வந்தபிறகு வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்தில் பதியலாம்.

என் தங்கை கடைசியில் சம்பளப் பாக்கிக்கும் கிராஜுவிட்டிக்கும் தனித்தனியாக மனுப் போட்டாள். கூட இருந்த நாலு பேரில் இரண்டு பேர் வந்தார்கள், மற்ற இரண்டு பேர் "வேண்டாம்க்கா, வேற கடையில சேர்க்க மாட்டாங்க" என்று ஒதுங்கிக்கொண்டார்கள். இரண்டாவது அழைப்புக்கே நிர்வாகத்தரப்பு வந்தது, தவணையில் தருவதாகச் சொன்னது. அப்போது அவளுக்கு இரண்டே விஷயம் சொன்னேன். கடை அலுவலகத்துக்குப் போய்ப் பேசி முடிக்காதே, அதிகாரி முன்னிலையில் ஒப்பந்தமாக எழுதிக் கையெழுத்துப் போடு. அப்படி எழுதினால்தான் தராவிட்டால் நிலவரி பாக்கியை அரசு வசூலிப்பது போல வசூலிக்கக் கேட்க முடியும். காசோலை கொடுத்தால் வாங்கு, ஆனால் பவுன்ஸ் ஆனால் வங்கியிலிருந்து தகவல் வந்த முப்பது நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்பதை நினைவில் வை. மூன்று காசோலை கொடுத்தார்கள். முதல் இரண்டும் பாஸ் ஆயிற்று. மூன்றாவதன் தேதியை அவள் வீட்டுக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.